பிசிஓடிக்குக் கொடுத்தது கருத்தடை மாத்திரையா? ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. மகளுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் மாதவிடாய் வருகிறது. முகத்தில் பரு, தாடையில் முடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று சொல்லி, "பீரியட்ஸ் ரெகுலர் ஆகும்" என்று ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு அட்டை முடிந்து மூன்றாவது வாங்கப் போனபோது மருந்துக் கடைப் பையன், "இது கருத்தடை மாத்திரைதானே அக்கா" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இணையத்தில் தேடினால் புற்றுநோய், ரத்தக்கட்டி, மலட்டுத்தன்மை என்று வரிசையாக வருகிறது. அவர் கேட்பது நான்கு விஷயம்: கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பிறக்குமா? புற்றுநோய் வருமா? இன்றைக்கே நிறுத்திவிடலாமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

அம்மா, நான் மகப்பேறு மருத்துவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது என் மேசைக்கு வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் அம்மாதான். பெண் பக்கத்து நாற்காலியில் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைப் பையன் சொன்னது உண்மை. அது கருத்தடை மாத்திரைதான். முதல் நாளே உங்களிடமும் முக்கியமாக உங்கள் மகளிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் நிறைய பேர் சொல்வதில்லை. "கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா" என்று வீட்டில் பதறுவார்கள், விளக்க நேரம் இல்லை, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அது தவறு. மறைத்துக் கொடுத்த மருந்தை வேறொருவர் வாய் வழியாகத் தெரிந்துகொண்டால் பயம் பத்து மடங்காகும்.

இந்த மாத்திரையால் குழந்தை பிறக்காமல் போகாது. அந்தப் பயத்தை நீங்கள் விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அது ரத்த உறைவு. எங்கள் ஊர்களில் எல்லோரும் மலட்டுத்தன்மையைப் பற்றியே கவலைப்படுகிறோம். ரத்த அழுத்தம் பார்த்தார்களா, மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று கேட்டார்களா என்பதை யாரும் கவனிப்பதில்லை.

சரி, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு மருந்தின் பெயர் இருக்கும். ஒன்று எத்தினைல் ஈஸ்ட்ரடையால், அதாவது ஆய்வகத்தில் செய்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். இரண்டாவது, புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகை மருந்து. அது லெவோநார்ஜெஸ்ட்ரல், டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பிரினோன், சைப்ரோடெரோன் என்று எதுவாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற மாலா-என் அட்டையிலும் இதே சங்கதிதான். அதில் 21 வெள்ளை மாத்திரையில் 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் இருக்கும். கடைசி வரிசையில் உள்ள 7 பழுப்பு மாத்திரையில் ஹார்மோனே இல்லை, வெறும் இரும்புச் சத்து.

இந்த மாத்திரையின் வரலாற்றில் உங்களுக்குப் பொருந்துகிற செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் எனோவிட் என்ற பெயரில் வந்த முதல் மாத்திரைக்குக் கருத்தடைக்கென்று அனுமதி கிடைத்தது 1960இல். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1957இல், மாதவிடாய்க் கோளாறுக்கான மருந்தாகத்தான் அது முதலில் கடைக்கு வந்தது. ஆக, உங்கள் மகளுக்கு எழுதிக் கொடுத்த காரணம் கருத்தடையைவிட மூத்தது. அந்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 வரைதான். பாட்டி காலத்து மாத்திரையைப் பற்றிக் கேட்ட கதைகளை அப்படியே இன்றைக்குப் பொருத்த வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மாதாமாதம் சினைப்பைக்குச் சேதி அனுப்பி ஒரு முட்டையை வளர வைக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி அந்தச் சேதியை நிறுத்திவிடும். முட்டை வெடிக்காது. கர்ப்பப்பை வாயில் உள்ள சளியும் கெட்டியாகிவிடும். அதனால்தான் கருத்தடை. மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி மறுபடியும் சேதி அனுப்ப ஆரம்பித்துவிடும். சினைப்பைக்கு எந்தச் சேதமும் இல்லை.

பிசிஓடியில் இதே மாத்திரை வேறு வேலை பார்க்கிறது. உங்கள் மகளுக்கு மாதாமாதம் முட்டை வெடிப்பதில்லை. வெடித்தால்தான் உடம்பு புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தால் கர்ப்பப்பையின் உள் சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆறு மாதம் வராமல் இருந்து பிறகு இருபது நாள் கொட்டித் தீர்க்கிறதே, அது இதனால்தான். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் வரக்கூடும். மாத்திரை சவ்வை மெல்லியதாக வைத்து, அட்டைக்கு ஒரு முறை உதிர வைக்கிறது. சினைப்பையில் சுரக்கும் ஆண்தன்மை ஹார்மோனைக் குறைக்கிறது. ரத்தத்தில் மிச்சம் சுற்றுகிற அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுகிறது. அதனால் பரு குறையும், தாடை முடியின் வளர்ச்சி மெதுவாகும். பரு குறைய மூன்று மாதமாவது ஆகும், முடிக்கு ஆறு மாதத்துக்கு மேல். இரண்டு அட்டையில் எதுவும் தெரியவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம்.

ஆனால் மாத்திரை பிசிஓடியைக் குணமாக்காது. சாப்பிடும்வரை ஒழுங்காக இருக்கும், நிறுத்தியதும் பழைய ஒழுங்கின்மை திரும்பலாம். பெரும்பாலான மனக்கசப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. பதினெட்டு வயதில் மாத்திரை ஆரம்பித்து, இருபத்து மூன்றில் கல்யாணத்துக்காக நிறுத்தி, நான்கு மாதம் பீரியட்ஸ் வராமல் போனால், "அந்த மாத்திரைதான் கெடுத்துவிட்டது" என்பார்கள். மாத்திரைக்கு முன்னாலும் அவளுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பிசிஓடி உள்ளவர்களில் சிலருக்குக் குழந்தை உண்டாகக் கொஞ்சம் தாமதமாகும், முட்டை வெடிக்க மருந்து தேவைப்படும். அதற்குக் காரணம் பிசிஓடி. அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கத்தான் செய்கிறது.

ஐரோப்பாவில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழந்தைக்கு முயன்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. 100 பேரில் ஏறக்குறைய 21 பேருக்கு முதல் மாதச் சுழற்சியிலேயே கரு தங்கியது. ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட 80 பேருக்கு. மாத்திரையே தொடாத பெண்களின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். எத்தனை வருடம் சாப்பிட்டார்கள் என்பதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம் விட்டுவிட்டுச் சாப்பிட்டால் உடம்புக்கு ஓய்வு என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதில் ஒரு பயனும் இல்லை. நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தால் ரத்த உறைவு ஆபத்துதான் கூடும், ஏனென்றால் அது அதிகமாக இருப்பது ஆரம்பித்த முதல் சில மாதங்களில்.

இனி ரத்த உறைவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குப் போய் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டும். கர்ப்ப காலத்தில் உடம்பு செய்கிற அதே மாற்றம்தான், சின்ன அளவில். அதனால் காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அரிதாக மூளையின் சிரையிலும் அடைப்பு வரும்.

எவ்வளவு அரிது என்பதற்கு ஐரோப்பிய மருந்துகள் முகமையின் கணக்கைச் சொல்கிறேன். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு சுமார் 2 பேருக்கு இது வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரை சாப்பிட்டால் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பிரினோன் வகையில் 9 முதல் 12 பேர். இரண்டாவது பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். கர்ப்பமான பெண்களுக்கு இந்த ஆபத்து பொதுவாக இவற்றைவிட அதிகம். பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் மிக மிக அதிகம்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதற்குப் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1995 அக்டோபரில் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகை மாத்திரைகளால் ரத்த உறைவு ஆபத்து பழையவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அவசரமாக எச்சரித்தது. பத்திரிகைகளில் "இரண்டு மடங்கு" மட்டும்தான் பெரிதாக வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டையைப் பாதியில் தூக்கிப் போட்டார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் திடீரென்று கூடின. கரு தங்கினாலே ரத்த உறைவு ஆபத்து மாத்திரையைவிட அதிகம் என்பதை அந்த நேரத்தில் யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. இரண்டு மடங்கு என்றால் எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். பத்தாயிரத்தில் ஐந்து, பத்தாயிரத்தில் பத்து ஆனது. சின்ன எண்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒருத்தியாக உங்கள் மகள் இருக்கக்கூடுமா என்பதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

யாருக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கூடாது? முன்பே ரத்த உறைவு வந்தவர்களுக்குக் கூடவே கூடாது. அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 45 வயதுக்கு முன் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடச் சாப்பிட வேண்டாம். உங்களுக்குப் பிரசவத்துக்குப் பின் கால் வீங்கி ஊசி போட்டார்களா? அதெல்லாம் பழைய கதை என்று விடாதீர்கள், உங்கள் மகளுக்கு அது முக்கியம். ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தவிர்ப்போம், 160/100ஐத் தொட்டால் கண்டிப்பாகக் கூடாது. 35 வயது தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கும், மோசமான கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. குழந்தை பெற்ற முதல் ஆறு வாரம் பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கக் கூடாது, ஆறு மாதம் வரையுமே தவிர்ப்பதுதான் வழக்கம். உடல் பருமன் மிக அதிகமாக இருந்தால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பிசிஓடி உள்ள பெண்களில் நிறைய பேருக்கு எடை கூடுதலாக இருப்பதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைக்ரேன். எல்லாத் தலைவலியும் அல்ல. தலைவலி வருவதற்கு முன் கண்ணில் பளிச் பளிச்சென்று கோடு கோடாகத் தெரிவது, பார்வையில் ஒரு பக்கம் மறைவது, கையோ முகமோ ஒரு பக்கம் மரத்துப் போவது என்று அறிகுறி காட்டிவிட்டு வருகிற மைக்ரேன். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும், அவர்களுக்கு இது கூடாது. உங்கள் மகளிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். "அடிக்கடி தலை வலிக்குதா" என்று கேட்டால் போதாது. "வலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுதா" என்று கேட்டால்தான் பதில் வரும்.

இதோடு சேர்த்து, நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வந்தார். இடது காலில் மட்டும் கொலுசு இறுக்குகிறது, கழற்ற முடியவில்லை என்றார். கொலுசு பதிந்த தடம் தோலில் வளையமாக இருந்தது. கெண்டைக்காலை அழுத்தியதும் துடித்துப் போனார். டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்கு மேல் வரை ரத்தக்கட்டி. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை கேட்டபோதுதான், "தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்தோம், தூரம் தள்ளிப்போகக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன், அது மாத்திரையா என்ன" என்றார். திருவிழா முடிந்து, உறவில் ஒரு கல்யாணமும் இருந்ததால் இருபது நாளுக்கு மேல் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ சொன்ன பெயரைக் கடையில் சொல்லி வாங்கியது.

அந்த மாத்திரை நாரெதிஸ்டிரோன், அதுவும் புரோஜெஸ்ட்ரோன் வகைதான். 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து சாப்பிடுவது. கருத்தடை மாத்திரைக்குப் பயப்படுகிற அதே வீட்டில் இதை மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். இந்த அளவில் சாப்பிடும்போது நாரெதிஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாகவே மாறுகிறது. நாளுக்கு 15 மில்லிகிராம் போடுகிறவர் ஒரு கருத்தடை மாத்திரைக்குச் சமமான ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்துச் சாப்பிடுகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் மேலே சொன்ன தடைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். அதே சமயம் இப்படிச் சாப்பிடும்போது இதைக் கருத்தடையாக நம்பவும் முடியாது. உங்கள் மகளுக்கு இப்போது தனியாக இது தேவையே இல்லை. பரீட்சையோ கோயிலோ என்றால், கையில் இருக்கும் அட்டையின் ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கினால் போதும், தள்ளிப்போகும். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாதாமாதம் ஹார்மோன் மாத்திரை இல்லாத அந்த ஏழு நாளில் வருவது உண்மையான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வரும் உதிரம். வராமல் இருந்தால் "கெட்ட ரத்தம் தேங்கும்" என்பதில் உண்மை இல்லை. சவ்வு தடிக்கவே இல்லாதபோது தேங்க அங்கே எதுவும் கிடையாது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று நான் யாரையும் கேட்பதில்லை. "தள்ளிப்போக ஏதாவது போட்டீங்களா" என்று கேட்கிறேன்.

மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், இதுவரை வராத கடுமையான தலைவலி வாந்தியோடு வந்தால், பார்வை மங்கினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள். கல்யாணம் ஆகாத பெண் என்று கூச்சப்பட்டு அதை மறைத்துவிடுவதால்தான் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டாலும், பெரிய ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய்க்கு வருவோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த மாத்திரைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நீங்கள் படித்துப் பயந்தது இதுவாகத்தான் இருக்கும். செய்தி உண்மை. ஆனால் அதே அறிக்கை, சினைப்பைப் புற்றுநோயையும் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயையும் இந்த மாத்திரைகள் குறைக்கின்றன என்றும் சொல்கிறது. அந்தப் பாதி செய்தியாவதில்லை.

மார்பகப் புற்றுநோய் ஆபத்து மாத்திரை சாப்பிடும் காலத்தில் கொஞ்சம் கூடுகிறது. டென்மார்க்கில் 2017இல் வெளியான பெரிய ஆய்வின் கணக்குப்படி, ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தும் சுமார் 7,690 பெண்களுக்கு வருடத்துக்கு ஒருவர் கூடுதல். இளம் வயதில் அதைவிடவும் குறைவு. நிறுத்திய பிறகு படிப்படியாகக் குறைந்துவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் சிறிது கூடுகிறது, அதுவும் நிறுத்தினால் இறங்கும். அந்த நோய்க்கு மூல காரணம் எச்பிவி என்ற வைரஸ், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 19 வயதில் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் புற்றுநோயைப் பற்றிக் கவலைப்படுகிறவர் என்றால் அந்த ஊசியைப் பற்றி இந்த மாதமே விசாரியுங்கள். மறுபக்கம், ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டால் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, உள்சவ்வுப் புற்றுநோய் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல வருடம் நீடிக்கிறது. பிசிஓடி உள்ளவர்களுக்கு உள்சவ்வுப் புற்றுநோய் ஆபத்துதான் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், உங்கள் மகளைப் பொறுத்தவரை தராசு மாத்திரையின் பக்கம் சாய்கிறது என்பது என் கருத்து. அம்மா, சித்தி, பாட்டி என்று வீட்டில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

சின்னத் தொந்தரவுகள் சில உண்டு. முதல் இரண்டு மூன்று அட்டையில் குமட்டல், மார்பில் வலி, நடுவில் துளித்துளியாக உதிரப்போக்கு வரலாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். சிலருக்குக் கன்னத்தில் மங்கு வரும். எடை பலூன் மாதிரி கூடும் என்ற பேச்சுக்கு, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. எடை கூடுவது உண்மை என்று சொல்லத்தக்கது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியில்தான். அரசு 'அந்தரா' என்ற பெயரில் கொடுக்கிறதே, அது. அந்த ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதம் கூடுதலாகவும் ஆகும். ஊசியைப் பற்றிக் கேட்டதையெல்லாம் மாத்திரையின் மேல் ஏற்றிவிடுவதும் பயத்துக்கு ஒரு காரணம். 'சாயா' என்ற வார மாத்திரை இன்னும் வேறு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, அதில் ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்ட்ரோனோ இல்லை.

மனநிலையை மட்டும் சின்னத் தொந்தரவில் சேர்க்க மாட்டேன். டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் கருத்தடை ஆரம்பித்தவர்களுக்கு மனச்சோர்வு மருந்து தேவைப்படுவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிசிஓடி உள்ள பெண்களுக்கு மனச்சோர்வு ஏற்கனவே அதிகம். ஆனாலும் மாத்திரை ஆரம்பித்த பிறகு உங்கள் மகள் காரணமில்லாமல் அழுதால், எரிந்து விழுந்தால், யாரிடமும் பேசாமல் இருந்தால், "வயசுக் கோளாறு" என்று தள்ளாதீர்கள். என்னிடம் வந்த சில பெண்களுக்கு மாத்திரையை மாற்றியதும் தெளிவு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற மருந்துகளோடு சேர்வதைப் பற்றி இரண்டு வரி. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்றவையும் இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாடிக்கால் பிரச்சினை இல்லை.

உங்கள் டாக்டரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, இது பிசிஓடிதானா? இளம் பெண்களுக்கு ஸ்கேனில் சினைப்பையில் நிறைய சின்னச் சின்ன நீர்க்குமிழி தெரிவது இயல்பு. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். உங்கள் மகளுக்குப் பருவும் முடியும் மாதவிடாய்த் தள்ளலும் இருப்பதால் பிசிஓடியாக இருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனாலும் தைராய்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் பார்த்தார்களா? இல்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த மாத்திரை? அட்டையில் சைப்ரோடெரோன் என்று இருந்தால் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பருவுக்கும் முடிக்கும் நல்ல மருந்து என்று நம் பக்கம் நிறைய எழுதுகிறார்கள். ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையைவிட ரத்த உறைவு ஆபத்து அதிகம் என்பதால் அதை முதல் தேர்வாகக் கொடுக்க வேண்டாம் என்றே பிசிஓடி வழிகாட்டுதல் சொல்கிறது. பிரான்ஸ் 2013இல் அந்த மாத்திரையின் விற்பனையை நிறுத்தி வைத்தது, ஐரோப்பிய முகமை மறுபடி பரிசீலித்துக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்த பிறகுதான் திரும்ப வந்தது. சிலருக்கு அது தேவைப்படலாம். தேவையா என்று யோசித்துக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. எடை கூடுதலாக இருந்தால் ஐந்து கிலோ குறைத்தாலே சில பெண்களுக்கு மாதவிடாய் தானாகத் திரும்புகிறது என்பதையும் பேசுங்கள். மாத்திரையே வேண்டாம் என்று உங்கள் மகள் நினைத்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சவ்வு உதிரும்படி சில நாள் மட்டும் புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை கொடுக்கிற வழியும் இருக்கிறது.

இன்றைக்கே நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன தடைகளில் ஒன்றாவது இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு நாளை டாக்டரைப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அட்டையைப் பாதியில் விட வேண்டாம். விட்டால் இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு ஆரம்பித்து இன்னும் பயம் வரும். நாளை காலை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்துக்குப் போடலாம்.

கடைசியாக மாப்பிள்ளை வீடு. சவ்வு தடிக்காமலிருக்க ஒரு பெண் சாப்பிட்ட மருந்தை யாரிடமும் ஒப்புவிக்க வேண்டிய கடமை இல்லை. பிசிஓடி இருக்கிறது என்பதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்வது நல்லது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் குழந்தைக்குக் காத்திருக்க நேர்ந்தால் இரண்டு பேரும்தான் காத்திருப்பார்கள். ஆனால் எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை உங்கள் மகள்தான் முடிவு செய்ய வேண்டும். அவளுக்கு 19 வயது. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், மாத்திரையை விழுங்குகிறவள் அவள். இதை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள்.